பழைய வீடியோ கேம் கன்ட்ரோலரில் திசைப்பொத்தான் பிழையும் பழுது நீக்கமும்

திசைப்பொத்தான் என்பது வீடியோ கேம் கன்ட்ரோலரின் இடப்பக்கத்தில், இடக்கைக் கட்டைவிரலால் இயக்கும்படி அமைந்த கூட்டல் குறி வடிவப் பொத்தான். டி-பேட் என்றும் இது அழைக்கப்படுகிறது. மேல், கீழ், இடம், வலம் என்ற நான்கு திசைகளையும், பக்கத்துப் பக்கத்துத் திசைகள் இரண்டு சேரும்போது கிடைக்கும் நான்கு மூலைத் திசைகளையும் இந்த ஒரே பொத்தான் தருகிறது.

பழைய கன்ட்ரோலர்களில் திசைப்பொத்தான் துல்லியம் இழப்பது வழக்கமான பழுது. வலம் அழுத்தினால் மேலும் சேர்ந்து பதிவாவது, ஒரு திசை மட்டும் பலமாக அழுத்தினால்தான் வேலை செய்வது, கையை எடுத்த பிறகும் பாத்திரம் நகர்ந்துகொண்டே இருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். அழுக்கு, உப்பு, இடம் விலகிய ரப்பர், தேய்ந்த பிளாஸ்டிக் ஆகியவற்றால் வரும் பழுதை வீட்டிலேயே சரிசெய்யலாம். ஆனால் காரணம் அறியாமல் உள்ளே சுரண்டினால், சரியாகக்கூடிய கன்ட்ரோலரும் நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஆகவே, பழுது எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டறிவதே இந்த வேலையின் முக்கியமான பகுதி.

வரலாறு

கூட்டல் வடிவத் திசைப்பொத்தானை வடிவமைத்தவர் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனப் பொறியாளர் குன்பெய் யோகோய். 1982-இல் வெளிவந்த ‘டாங்கி காங்’ கையடக்க விளையாட்டுக் கருவியில் இது இடம்பெற்றது. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஃபேமிகாம் கருவியின் கன்ட்ரோலரிலும் இதே அமைப்பு பயன்பட்டது. அக்கருவியே 1985-இல் நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற பெயரில் அமெரிக்காவுக்குச் சென்றது. நின்டெண்டோ இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தது. செகாவின் கன்ட்ரோலர்களில் தட்டு போன்ற திசைப்பொத்தானும், சோனி பிளேஸ்டேஷனில் வெளியே நான்கு தனிப் பொத்தான்களாகத் தெரியும் அமைப்பும் வந்தன. பிளேஸ்டேஷனிலும் உள்ளே அது ஒரே துண்டுதான்.

இந்தியாவில் நின்டெண்டோவின் கருவி ‘சமுராய்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. செகாவின் கருவிகளை விற்க ஷா வாலஸ் நிறுவனம் 1995-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆயினும் பெரும்பாலான தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்தவை ஃபேமிகாமைப் பின்பற்றிச் செய்யப்பட்ட மலிவான நகல் கருவிகளே. ‘டிவி கேம்’ என்று பேச்சு வழக்கில் அறியப்பட்ட இவற்றில் ‘கேசட்’ செருகி விளையாடுவார்கள். கன்ட்ரோலரைப் பலர் ‘ஜாய்ஸ்டிக்’ என்றே சொல்வர். சரியாகச் சொன்னால் ஜாய்ஸ்டிக் என்பது நிமிர்ந்து நிற்கும் பிடியைக் கொண்ட வேறு கருவி. இக்கட்டுரையில் விளக்கப்படும் பழுது நீக்கம், ஃபேமிகாம் வகைக் கன்ட்ரோலர்களையும் அவற்றின் நகல்களையும் அடிப்படையாகக் கொண்டது.

இயங்கும் முறை

திசைப்பொத்தானில் மூன்று அடுக்குகள் உள்ளன.

மேலே இருப்பது கூட்டல் வடிவப் பிளாஸ்டிக். அதன் அடியில் நடுவே ஒரு சிறு குமிழ் இருக்கும். தராசின் முள் போல, இந்தக் குமிழைத் தாங்கலாகக் கொண்டுதான் பொத்தான் ஒரு பக்கம் சாய்கிறது. வலப்பக்கம் இறங்கும்போது இடப்பக்கம் உயர்வதால், எதிரெதிர்த் திசைகள் ஒரே நேரத்தில் பதிவாவதில்லை.

நடுவில் இருப்பது ரப்பர் பேட். அதில் திசைக்கு ஒன்றாக நான்கு குமிழிகள் உண்டு. ஒவ்வொரு குமிழியின் உட்புறத்திலும் மின்சாரம் கடத்தும் ஒரு கறுப்பு வில்லை ஒட்டியிருக்கும். அழுத்தினால் குமிழி மடங்கி வில்லை கீழே தொடும். விட்டால் குமிழி தானே நிமிரும்.

அடியில் இருப்பது சர்க்யூட் போர்டு. ஒவ்வொரு திசைக்கும் நேர்கீழே, ஒன்றையொன்று தொடாமல் சீப்பின் பற்கள் போலக் கோத்து அமைந்த இரண்டு தடங்கள் இருக்கும். பல போர்டுகளில் தடங்களின் மேல் கறுப்புக் கார்பன் பூச்சு அச்சிடப்பட்டிருக்கும். வில்லை விழும்போது இரண்டு தடங்களும் இணைந்து, அந்தத் திசை அழுத்தப்பட்டதாகப் பதிவாகும். டிவி ரிமோட், கால்குலேட்டர் ஆகியவற்றிலும் இதே முறை உண்டு. ஆகவே ரிமோட் பழுது பார்க்கும் மெக்கானிக்குக் கன்ட்ரோலரின் உள்ளமைப்பு புதிதாக இருக்காது.

ஃபேமிகாம் வகையில் நான்கு திசைகளும் ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் பொத்தான்களும் சேர்ந்து எட்டுச் செய்திகள். கன்ட்ரோலரில் உள்ள சில்லு, இந்த எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பி வழியே அனுப்புகிறது. ஆட்டத்தின்போது பொதுவாக நொடிக்கு 50 அல்லது 60 முறை இவ்வாறு படிக்கப்படும். பழுதைக் கண்டறியும்போது இந்தச் செய்தி பயன்படும்.

குமரி மாவட்டச் சூழலின் தாக்கம்

கன்னியாகுமரி மாவட்டம் அளவில் சிறியது. ஆயினும் கடற்கரை, வயல்வெளி, மலை மூன்றும் அருகருகே அமைந்தது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் இங்கு பெய்கின்றன. பரணில் பல ஆண்டுகள் கிடந்த கன்ட்ரோலர் எந்தப் பகுதியில் இருந்தது என்பதைப் பொறுத்துப் பழுதின் தன்மையும் மாறலாம்.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் முதன்மைக் காரணம் உப்பு. கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தடங்களுக்கிடையே படிந்த உப்பு ஈரமாகும்போது மின்சாரம் கசிந்து, யாரும் அழுத்தாமலே ஒரு திசை பதிவாகலாம். செம்புத் தடங்களில் பச்சை படிவதும் உப்பும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலையே.

ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்று பலமாக வீசும். இத்தகைய இடங்களில் நுண்ணிய மண் பொத்தானின் ஓர இடுக்கில் புகுந்து, பிளாஸ்டிக்கை உரசித் தேய்க்கும். மாவட்டத்தின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள மலையோரப் பகுதிகளில் நீண்ட ஈரத்தால் பூசணம் பிடிக்கலாம்.

கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு போன்ற ரப்பர் தோட்டப் பகுதிகளைக் கொண்ட மாவட்டம் என்பதால் இன்னொரு செய்தியும் இங்கே சொல்லத் தக்கது. கன்ட்ரோலரில் உள்ளது மரத்துப் பாலில் இருந்து வரும் ரப்பர் அன்று. சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்களின் சங்கிலியால் ஆன சிலிக்கோன் ரப்பர். சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் இதில் ஒட்டாது. கிழிந்த குமிழியை அப்படி ஒட்ட முயல்வது வீண் வேலை.

கழற்றுவதற்கு முன் சோதனை

முதலில் பழுது கன்ட்ரோலரில்தான் உள்ளதா என்று உறுதிசெய்ய வேண்டும். கருவியை அணைத்துவிட்டு, இரண்டாம் ஆட்டக்காரரின் கன்ட்ரோலரை முதல் இடத்தில் செருகிப் பார்க்கலாம். பழுது கன்ட்ரோலரோடு சேர்ந்து இடம் மாறினால் அது கன்ட்ரோலரின் பழுது. மாறாமல் அதே இடத்தில் இருந்தால் செருகு துளையிலோ கருவியின் உள்ளோ பழுது இருக்கிறது.

அடுத்து, தாமதத்தையும் துல்லியமின்மையையும் பிரித்தறிய வேண்டும். இன்றைய தட்டை டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுத்துக்கொள்வதால், அழுத்தியதன் விளைவு சற்றுத் தாமதமாகத் தெரியும். திசை மட்டுமன்றி, ஏ பொத்தானால் வரும் தாவலும் தாமதமானால் டிவியின் மீது ஐயம் கொள்ள வேண்டும். டிவியில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது சோதனைக்கு ‘கான்ட்ரா’ ஆட்டம் பொருத்தமானது. அதில் வலம் மட்டும் அழுத்தி ஓடினால் குண்டு நேராகச் செல்லும். மேலும் சேர்ந்து பதிவானால் குண்டு மேல்நோக்கிச் சாயும். கீழும் சேர்ந்தால் கீழ்நோக்கிச் சாயும். வலத்தை மட்டும் தொடர்ந்து அழுத்திக்கொண்டு சுட்டு, குண்டு செல்லும் கோட்டைக் கவனித்தால் தவறான திசை எது என்று கண்ணுக்கே தெரியும். ‘சூப்பர் மரியோ’வில், தரையில் ஓடும்போது வலத்தோடு கீழும் சேர்ந்தால் ஓட்டம் தடைபடும்.

அறிகுறிகளை இவ்வாறு பிரித்துக்கொள்ளலாம்:

• எல்லாப் பொத்தான்களும் விட்டுவிட்டு வேலை செய்தால்: கம்பி அல்லது செருகி. ஃபேமிகாம் வகையில் எல்லாச் செய்திகளும் ஒரே கம்பி வழியே போவதால், கம்பி அறுந்தால் ஒரு திசை மட்டும் போவதில்லை. திசைகளுக்குத் தனிக் கம்பி கொண்ட அடாரி வகையில் ஒரு திசை மட்டும் போகலாம்.

• ஒரு திசை மட்டும் பலமாக அழுத்தினால்தான் கேட்டால்: வில்லை அல்லது தடத்தில் அழுக்கு, அல்லது கார்பன் தேய்வு.

• வேண்டாத மூலைத் திசை வந்தால்: ரப்பர் விலகியது, நடுக் குமிழ் தேய்ந்தது, அல்லது திருகுகள் சமமின்றி முடுக்கப்பட்டது.

• தொடாமலே ஒரு திசை பதிவானால்: உப்பு, சிந்திய பானம், ஈரம்.

• அழுத்திய பொத்தான் மெதுவாகத் திரும்பினால்: ஓரத்தில் பிசுக்கு, அல்லது குமிழி தளர்ந்தது.

கழற்றுதலும் பாதி பிரிக்கும் சோதனையும்

சிறிய பிளஸ் ஸ்குரூடிரைவர், மென்மையான பல் துலக்கி, காது குடையும் பஞ்சுக்குச்சி, டிஸ்டில்டு வாட்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வெள்ளைத் தாள், இருந்தால் ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும்.

கருவியிலிருந்து கன்ட்ரோலரைப் பிரித்து, அதன் முகம் மேசையைத் தொடும்படி கவிழ்த்து வைத்துத் திருகுகளைக் கழற்ற வேண்டும். பின் மூடியைத் தூக்கியதும், எதையும் தொடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. கம்பி எந்தக் கொம்புகளைச் சுற்றி வளைந்து வெளியே போகிறது என்பதை மறந்துவிட்டால், மூடும்போது கம்பி நசுங்கும்.

இந்த நிலையில் செய்யக்கூடிய ஒரு சோதனை வேலையைப் பாதியாகக் குறைக்கும். போர்டை வெளியே எடுத்து, மர மேசையில் வைத்து, கருவியில் செருகி இயக்க வேண்டும். ஏ பொத்தானின் நல்ல ரப்பரை எடுத்து, பழுதான திசையின் தடத்தின் மீது விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். திசை சரியாகப் பதிவானால் போர்டு நலமாக உள்ளது. குறை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கிறது. பதிவாகாவிட்டால் குறை போர்டில். கன்ட்ரோலருக்கு வருவது 5 வோல்ட் மட்டுமே என்பதால் இச்சோதனை ஆபத்தற்றது. ஆனால் மின் அடாப்டரையோ கருவியின் பெட்டியையோ திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது.

மல்டிமீட்டர் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்பன் வில்லையின் மீது ‘பீப்’ ஒலிச் சோதனை செய்தால் பெரும்பாலும் ஒலி வராது. செம்புக் கம்பி போன்ற மிகக் குறைந்த மின்தடைக்கே அந்த ஒலி வரும். நல்ல வில்லைக்கும் பல பத்து முதல் சில நூறு ஓம் வரை தடை இருக்கலாம். ஆகவே ஓம் அளவில் வைத்து, நான்கு வில்லைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மூன்று ஒரே அளவிலும் ஒன்று பல மடங்கு கூடியும் இருந்தால், குறையுள்ளது அந்த ஒன்றே.

சுத்தம் செய்தல்

பிளாஸ்டிக் பாகங்களையும் ரப்பரையும் பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். பொத்தானின் ஓரத்தையும், மூடியில் அது உரசும் விளிம்பையும் பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். வில்லைகளைத் தேய்க்காமல் அலசினால் போதும். எல்லாவற்றையும் நிழலில், மின்விசிறிக் காற்றில் முழுமையாக உலர்த்த வேண்டும்.

போர்டைச் சுத்தம் செய்யும்போது வரிசை முக்கியம். சமையல் உப்பைப் போலவே கடலுப்பும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கரையாது. கடலோர வீட்டிலிருந்து வந்த போர்டை ஆல்கஹாலால் மட்டும் துடைத்தால், பிசுக்கு போகும். உப்பு அங்கேயே இருக்கும். முதலில் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து உப்பைக் கரைத்து எடுக்க வேண்டும். அதன் பின் ஆல்கஹாலால் துடைத்தால் பிசுக்கும் மிச்ச நீரும் போய்விடும். குழாய் நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உப்புகள் இருப்பதால் இந்த வேலைக்கு அவை ஆகா. கை கழுவும் சானிடைசரும் ஆகாது. அதில் சேர்க்கப்படும் கிளிசரின் போன்ற பொருள்கள் படலமாகத் தங்கிவிடும்.

வில்லைகள் பளபளவென்று வழுவழுப்பாக இருந்தால், வெள்ளைத் தாளின் மீது மெதுவாகச் சில முறை தேய்க்கலாம். தாளில் இலேசான கறுப்புக் கோடு விழும். மேலிருந்த படலம் நீங்கி, புது முகம் வெளிப்படும். அதற்கு மேல் தேய்க்கக் கூடாது.

நடுக் குமிழும் ரப்பரின் இருப்பும்

சுத்தம் செய்த பிறகும் வேண்டாத மூலைத் திசை வந்தால், காரணம் பெரும்பாலும் மின்சாரத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. நடுக் குமிழ் தேய்ந்தால் பொத்தான் முழுவதும் கீழே இறங்கும். அப்போது ஒரு பக்கத்தை அழுத்தும்போது பக்கத்துக் குமிழிகளும் சேர்ந்து நசுங்கும். எதிரெதிர்த் திசைகளும் ஒன்றாகப் பதிவாகக்கூடும். இடமும் வலமும் ஒரே சமயத்தில் வருவதை எதிர்பாராமல் எழுதப்பட்ட ஆட்டங்கள் அப்போது விபரீதமாக நடந்துகொள்ளும். சில மலிவான நகல்களில் இக்குமிழ் தொடக்கத்திலேயே குட்டையாக இருக்கும்.

இதற்கு, குமிழ் போர்டைத் தொடும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் டேப்பைச் சிறு வட்டமாக வெட்டி ஒட்டலாம். ஒரு அடுக்கு ஒட்டி, மூடிச் சோதித்த பிறகே அடுத்த அடுக்கை ஒட்ட வேண்டும். உயரம் கூடிவிட்டால் மூலைத் திசைகள் வராமலே போகும். சுடும் ஆட்டங்களிலும் சண்டை ஆட்டங்களிலும் அவை தேவை. நான்கு திசையும் தெளிவாக வந்து, இரண்டு திசைகளுக்கு நடுவே அழுத்தும்போது மூலைத் திசையும் வருவதே சரியான உயரம்.

ரப்பர் பேட்டின் துளைகள் மூடியில் உள்ள கொம்புகளில் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சற்று விலகினாலும் வில்லை தடத்தின் ஓரத்தில் விழும். திருகுகளை ஒன்றை முழுதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். இறுக்கம் மிகுந்தால் போர்டு வளைந்து, ஒரு திசை எப்போதும் அழுந்தியபடியே இருக்கும்.

செய்யக் கூடாதவை

• உப்புத்தாள், கத்தி, பிளேடு ஆகியவற்றால் கறுப்புத் தடத்தைச் சுரண்டக் கூடாது. அது அழுக்கு அன்று, அச்சிட்ட கார்பன். ஒருமுறை போனால் திரும்பாது. பழைய கன்ட்ரோலர்கள் மீள முடியாமல் கெடுவதற்கு இந்த ஒரு தவறே போதும்.

• தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. முதலில் பொத்தான் இலகுவாவது போலத் தோன்றும். நாளடைவில் எண்ணெய் சிக்குப் பிடித்து மண்ணைச் சேர்க்கும். தடத்தின் மேல் படலமாகிக் கடத்தலைத் தடுக்கும்.

• பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றில் சிலிக்கோன் ரப்பர் உப்பும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக் மூடியைக் கரைக்கும்.

• வில்லையின் மீது அலுமினியத் தாள் ஒட்டுவது தற்காலிகமாக வேலை செய்யும். ஆனால் அதன் விளிம்பு கார்பன் தடத்தைக் கீறும்.

• செருகி ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக வேறு வகைக் கன்ட்ரோலரைச் செருகக் கூடாது. 9 துளைச் செருகி பல கருவிகளில் உண்டு. உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. தவறாக இணைத்தால் கருவியே பழுதாகலாம்.

பாகம் மாற்ற வேண்டிய நிலை

குமிழி கிழிந்திருந்தால் ரப்பரை மாற்றுவதே வழி. ஃபேமிகாம் வகையின் மாற்று ரப்பர்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வாங்குமுன் துளைகளின் இடத்தையும் குமிழிகளின் இடைவெளியையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். பயன்படாத இன்னொரு நகல் கன்ட்ரோலர் இருந்தால் அதன் ரப்பர் பொருந்துமா என்றும் பார்க்கலாம். வில்லை மட்டும் தேய்ந்திருந்தால், ரிமோட் பழுது நீக்கத்துக்கு விற்கப்படும் மின்கடத்திப் பூச்சைத் தடவலாம். பென்சில் கரியும் சில நாள் தாங்கும். தடத்தின் கார்பன் அழிந்த இடத்திலும் இதே பூச்சை மெல்லிய தூரிகையால் இட்டுப் பார்க்கலாம்; ஆனால் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அது மூடிவிடக் கூடாது. போர்டின் சில்லு கறுப்புப் பசைத் துளியால் மூடப்பட்டு, அதுவே கெட்டிருந்தால் அந்தப் போர்டைச் சரிசெய்வது பயனற்றது. அப்போதும் அதன் ரப்பர், பொத்தான், கம்பி ஆகியவற்றை எடுத்து வைத்தால் இன்னொரு கன்ட்ரோலருக்கு உதவும்.

பாதுகாத்தல்

சரிசெய்த கன்ட்ரோலரைக் கையைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவதும், ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பதும் போதுமான பராமரிப்பு. ஈரத்தை எடுக்க அரிசிக்குள் புதைப்பது நல்லதன்று. அரிசியின் மாவுத் தூள் உள்ளே போகும். கம்பியைக் கன்ட்ரோலரின் உடலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் அது வெளிவரும் இடத்தில் உள்ளே அறுபடும். தளர்ந்த வளையமாகச் சுற்றி வைக்க வேண்டும். கடலோர வீடுகளில், பயன்படுத்தாவிட்டாலும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. உப்பும் பச்சையும் தொடக்கத்திலேயே தெரிந்தால், டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த ஒரு பஞ்சுக்குச்சியோடு வேலை முடிந்துவிடும்.